அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தவர்

பத்திரப் பதிவு அலுவலகத்தின் நகல் பிரிவில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘அசல் சார்’. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வேலை அப்படி. ஐம்பது வருடத்துக்கு முந்தைய வீட்டுப் பத்திரத்துக்கு யாராவது நகல் கேட்டு மனுப் போட்டால், பழைய பதிவேட்டைப் பார்த்து ஒருவர் தட்டச்சு செய்வார். பிறகு எதிர்மேஜைக்காரம்மா பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். அசல் சார் நகலின் மேல் பென்சில் முனையை வைத்து எழுத்தெழுத்தாகத் தொடர்ந்து போவார். ஒரு கால்புள்ளி தவறினாலும் பென்சில் நின்றுவிடும். எல்லாம் ஒத்துப்போனால்தான் கடைசிப் பக்கத்தில் முத்திரை விழும்: ‘அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.’ அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து.

இருபத்து மூன்று வருடத்தில் அந்த வரிக்குக் கீழே அவர் ஒரு தடவைகூடப் பொய்யாகக் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு முறை மேலதிகாரியே வந்து, “வடக்குன்னு இருக்க வேண்டிய இடத்துல தெற்குன்னு விழுந்திருக்கு, அவ்வளவுதானே? போட்டுக் குடுங்க, ஆள் வெளியில நிக்கிறார்” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். “ஆள் நிக்கட்டும் சார், வீடு தெற்கால போயிடக் கூடாது” என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் நம் அசல் சார்.

இப்படிப்பட்ட மனிதர் மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதைப் புத்தகத்தைப் படித்துவிட்டு, அதையே அனிமே என்கிற கார்ட்டூன் தொடராகவும் பார்த்தால் என்ன ஆகும்? வயிறுதான் எரியும்.

அவரிடம் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘அசல்’, வலப்பக்கம் ‘நகல்’ என்று எழுதியிருப்பார். மங்காவில் இன்ன அத்தியாயம், இன்ன பக்கம், இத்தனையாவது கட்டம். அனிமேயில் இன்ன எபிசோட், இன்ன நிமிடம். பத்திரத்துக்குப் போடுகிற அதே குறிகள்தான் இங்கேயும்: விடுபட்டது, அடித்தல், திருத்தல், இடைச்செருகல். நோட்டு முழுக்கச் சிவப்பு மை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர்கள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

“கேளுங்கம்மா இந்த அநியாயத்தை. புத்தகத்துல அந்தப் பையன் அம்மா செத்த சேதி வந்ததும் ஒரு பக்கம் முழுக்க ஷூ கயிறு கட்டிட்டு இருப்பான். ஒரு வார்த்தை கிடையாது. இவனுங்க அனிமேயில என்ன பண்ணியிருக்கானுங்க? மழை! இடி! மண்டி போட்டு ‘அம்மா’ன்னு கத்துறான். ஷூ கயிறைக் காணோம். கேக்க நாதி இல்லைன்னு நெனச்சுட்டானுங்க.”

“அதுல என்ன சார், எனக்கு அழுகை வந்துது” என்பார் எதிர்மேஜைக்காரம்மா. மகளோடு சேர்ந்து அனிமே பார்க்கிறவர் அவர். மங்கா ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

“வரும், வரும். வெங்காயம் உரிச்சாலும்தான் வரும். இதைக் கேளுங்க. உலகம் அழியப்போவுது, எதிரி வாசல்ல நிக்கிறான், பதினாலாவது எபிசோட்ல எல்லாரும் நீச்சலுடை போட்டுக்கிட்டுக் கடற்கரையில பந்து விளையாடுறாங்க. புத்தகத்துல எந்த மூலையில இருக்கு இந்தக் கடற்கரை? நானும் தேடித் தேடிப் பாக்கிறேன்.”

“படம் அசையணும், சத்தம் வரணும், இருபது நிமிஷத்துல முடிக்கணும். உங்க புத்தகத்தைக் கேமரா முன்னாடி பக்கம் பக்கமாத் திருப்பியா காட்ட முடியும்?”

“காட்டட்டுமே! யார் வேண்டாம்னா?” என்பார் அசல் சார். சொல்லிவிட்டு, வாயில் ஏதோ கெட்டுப்போனதைக் கடித்துவிட்டவர் போலத் தண்ணீர் குடிப்பார்.

அவர் வீட்டுக்கு மங்காவைக் கொண்டுவந்தவள் அவருடைய அக்கா. ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் அவள் கட்டிங் மாஸ்டராக இருந்தாள். நாற்பது அடுக்குத் துணியை ஒன்றாகப் போட்டு மெஷின் கத்தியால் கோட்டை விட்டு விலகாமல் வெட்டுகிற வேலை. ஆண்களுக்கே கை நடுங்குகிற வேலையை அவள் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே செய்வாள் என்று கம்பெனியில் பேர். கட்டினவன் போன கதை நமக்கு இங்கே வேண்டாம். அக்காவும் தம்பியும் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். தம்பிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்களிடம், “அசல் கிடைக்கல” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

பேருந்து நிலையத்தின் பழைய புத்தகக் கடையில் அக்கா ஆங்கில மங்காக்களை வாங்கி வந்து படிப்பாள். “இந்த வயசுல பொம்மைப் புத்தகமா?” என்று கேலி பண்ணிய தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒன்றைப் புரட்டினார். மாட்டிக்கொண்டார். அப்புறம் இரண்டு பேருக்கும் எந்தப் புத்தகம் யார் முதலில் என்று சண்டைதான்.

பிறகு சர்க்கரை அக்காவின் கண்ணுக்குள் போயிற்று. நாற்பத்தொன்பது வயதில் இடது கண் போனது, ஐம்பதில் வலது. இரண்டு ஆபரேஷன். கடைசியில் வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரிந்தது.

வலது கண்ணும் மங்க ஆரம்பித்ததிலிருந்தே தம்பிதான் படித்துச் சொன்னார். அக்கா அதற்கொரு சட்டம் போட்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பியதும் முதலில் எத்தனை கட்டம் என்று சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் யார், எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், என்ன பேசுகிறார்கள். யாரும் எதுவும் பேசாத கட்டம் வந்தால், என்ன தெரிகிறது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மேஜையில் விரல் முட்டியால் ஒரு தட்டு. தட்டினால், ‘இங்கே பேச்சு இல்லை, நீயே பார்த்துக்கொள்’ என்று அர்த்தம். அந்தத் தட்டுக்கு அக்கா அப்படி மரியாதை கொடுப்பாள். அடுத்த கட்டம் வரும்வரை மூச்சுக்கூட விடமாட்டாள். “விட்டுடாம சொல்லுடா. எனக்கு எது வேணும் எது வேண்டாம்னு நீ முடிவு பண்ணாத” என்பாள். அவருக்கு இதைவிடப் பிடித்த சட்டம் உலகத்தில் உண்டா? தினம் அலுவலகத்தில் செய்கிற வேலைதானே.

இருவருக்கும் உயிரான மங்கா ‘விளக்குப் படகு’. ஊரெல்லாம் தண்ணீரில் மூழ்கிப்போன காலத்துக் கதை. மூழ்கிய வீடுகளின் உச்சியில் படகுகள் மோதாமல் இருக்க, ஒவ்வொரு கூரைக்கும் விளக்குக் கட்டிக்கொண்டு போகிற ஒரு பழைய படகு. அதில் ஆறு பேர். என்ஜினைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு முன்பல் ஒன்று இல்லை. ஓட்டைப்பல் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என்ஜினைத் திட்டித் திட்டியே ஓட வைக்கிறவள். அக்காவுக்கு அவள் என்றால் போதும். “என்னை மாதிரியே ஒருத்தி” என்பாள்.

பதினோராவது புத்தகத்தில் ஓட்டைப்பல் செத்துப்போகிறாள்.

படகின் அடியில் சுழல்கிற விசிறியில் கயிறு சிக்கிக்கொள்கிறது. அறுத்துவிட்டு வருகிறேன் என்று அவள் தண்ணீருக்குள் இறங்குகிறாள். எட்டுப் பக்கத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் படகின் தளத்தில் அவள் கழற்றிவிட்டுப் போன செருப்பு. அவ்வளவுதான். அசல் சார் அதை ஆஸ்பத்திரி நடையில், பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். அக்காவுக்கு இரண்டாவது ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். கயிறு சிக்கின இடம்வரை முந்தின நாள் அவளுக்குப் படித்துச் சொல்லியிருந்தார். படித்து முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது டாக்டர் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். அதையும் படித்தார். கடிதம் ஒரு கை, புத்தகம் ஒரு கையாக வார்டுக்குள் போனார். இரண்டு கண்ணிலும் கட்டோடு அக்கா படுத்திருந்தாள்.

முதலில் கடிதத்தைப் படித்துச் சொன்னார். “நரம்பு ஆறணுமாம். பொறுத்திருந்து பாக்கலாம்னு எழுதியிருக்கார்.” அக்கா தலையை ஆட்டினாள். “சரி, அது கெடக்கட்டும். ஓட்டைப்பல்லுக்கு என்ன ஆச்சு? முதல்ல அதைச் சொல்லு.”

அவர் அந்தக் கட்டுப்போட்ட கண்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“ஏறி வந்துட்டாக்கா.”

அன்றைக்கு மீதிப் புத்தகத்தைப் படித்தபோது அக்கா ஒன்று கேட்டாள். “இந்தப் புத்தகம் என்னடா இவ்வளவு சின்னதா இருக்கு?”

“விலைவாசிக்கா. காகிதத்தைக் குறைச்சுட்டானுங்க.”

அதற்கப்புறம் எட்டுப் புத்தகம் வந்தது. எட்டிலும் செத்தவள் உயிரோடு இருந்தாள். என்ன பாடு பட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். படகில் ஐந்து பேர் பேசுகிற இடத்தில் ஆறாவதாக ஒருத்தியைப் பேச வைக்க வேண்டும். கேப்டனின் வசனத்தில் பாதியைப் பிய்த்து இவள் வாயில் போட வேண்டும். எந்தப் புத்தகத்தில் அவளுக்குக் கையில் காயம், எதில் காய்ச்சல் என்று மறந்து தொலைத்தால் அக்கா பிடித்துவிடுவாள். அவளுக்கு ஞாபகம் கத்தி. ஆகவே அதே நீள நோட்டின் கடைசிப் பக்கங்களைத் தலைகீழாகத் திருப்பி, பென்சிலால் குறித்து வைத்தார்: ‘புத்தகம் 14, ஓட்டைப்பல், இடது கையில் கட்டு.’ முன்பக்கம் முழுக்க மற்றவர்கள் செய்த இடைச்செருகலுக்குச் சிவப்பு மை. பின்பக்கம் முழுக்க இவருடைய இடைச்செருகல். ஒரே நோட்டு, ஒரே கை. வெட்கங்கெட்ட கை!

கண் ஆஸ்பத்திரிக்கு அவரே ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டு வருவார். அக்காவை எதற்கு மூன்று மாடி இறக்கி ஏற்றி அலைக்கழிக்க வேண்டும் என்பார். “இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்றாங்க” என்று வந்து சொல்வார். பார்வை இல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மையத்திலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, மடக்குகிற வெள்ளைக் கோல் ஒன்றையும் அனுப்பி வைத்திருந்தார். “பார்வை வரப்போற ஆளுக்கு எதுக்குக் கோல்?” என்று அக்கா சொல்லிவிட்டாள். கோல் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் கிடந்தது. மூன்று வருடமாக அவள் தனியாகத் தெருவில் கால் வைத்ததில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் ஒரு நாள் எதிர்மேஜைக்காரம்மா கல்லைப் போட்டார்.

“சார், உங்க விளக்குப் படகு அனிமேயா வருதாம். தமிழ்க் குரலோட. புத்தகத்தை வரைஞ்சவரே கூட உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்துக்கிறாராம். ஒரு கட்டம் விடலையாம். இப்பவாவது திருப்திதானே?”

அசல் சார் டப்பாவை மூடினார். “அதெல்லாம் சும்மா சொல்லுவானுங்க” என்றார்.

“என்ன சார், முகம் இப்படிப் போவுது? சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்.”

வீட்டுக்குப் போனால் அக்கா அவர் வருவதற்கு முன்பே சேதியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. “டேய் தம்பி, நீ படிக்காம நானே கேக்கப் போறேன்டா! ஓட்டைப்பல் குரல் எப்படி இருக்கும்?”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அனிமேக்காரர்களிடம் மனதுக்குள் கெஞ்சினார். எத்தனை புத்தகத்தை நாசம் பண்ணியிருக்கிறீர்கள், இதையும் நாசம் பண்ணித் தொலையுங்களேன்! கடற்கரையைப் போடுங்கள், பந்து விளையாடுங்கள், அவளைச் சாகடிக்காமல் கூட்டி வந்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

பாவிகள், செய்யவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எபிசோட். அவர் மடியில் நோட்டும் கையில் சிவப்புப் பேனாவுமாக உட்கார்வார். எழுத ஒன்றும் இருக்காது. வசனம் மாறவில்லை. வரிசை மாறவில்லை. கூரையில் கட்டின விளக்குகளின் எண்ணிக்கைகூடப் புத்தகத்தில் இருந்தது போலவே இருந்தது. “தம்பி, நீ தட்டுற இடத்துல எல்லாம் அவனும் சும்மா இருக்கான்டா!” என்று அக்கா குதித்தாள். நோட்டின் வலப்பக்கம் வாரா வாரம் வெள்ளையாகவே கிடந்தது. இத்தனை வருடமாக இப்படியொரு நகலுக்குத்தான் ஏங்கினார். அது வந்து எதிரில் நிற்கையில் அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதைவிடத் தன்னைப் பார்க்க.

கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினோராவது புத்தகம் இருபத்து இரண்டாவது எபிசோடில் வரும். பதினெட்டிலிருந்தே அடித்தளம் போட ஆரம்பித்தார். “இதுவரைக்கும் ஒழுங்கா வந்துட்டானுங்க. போகப் போகக் கெடுத்துடுவானுங்க பாருக்கா.” இருபதில் இன்னொரு தடவை. “காசு பத்தலைன்னா யாரையாவது சாகடிச்சு முடிச்சுடுவானுங்க. இது இவனுங்களோட வழக்கம்தான்.” ஆளே இல்லாத இடத்தில் பழியை முன்கூட்டியே கொண்டுபோய் வைத்தார். அதில் மட்டும் ஒரு பிழை இல்லை.

இருபத்து இரண்டாம் வாரம் வந்தது. தண்ணீரில் விழுகிற சத்தம். பிறகு தண்ணீர் சத்தம் மட்டும், மூன்று நிமிடத்துக்கு மேல். அக்கா முட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். எந்த நேரமும் ஓட்டைப்பல் மேலே வந்து என்ஜினைத் திட்டப்போகிறாள் என்று முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. கடைசியில் கேப்டனின் குரல் மட்டும் வந்தது: “அந்தச் செருப்பை யாரும் எடுக்காதீங்க.” பாட்டு ஆரம்பித்துவிட்டது.

“என்னடா ஆச்சு?” என்றாள் அக்கா. “ஏறி வரலையா?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் உண்மை வந்து நின்றது. ஆனால் இத்தனை வருடம் பழகின நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அவர் எழுந்தே விட்டார். “பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா? கொன்னுட்டானுங்க பாவிங்க! புத்தகத்துல ஏறி வர்றவளை மனசாட்சியே இல்லாம சாகடிச்சிருக்கானுங்க. தூ! இவனுங்க கையில விளங்குமா எதுவும்?” அவர் பேசப் பேச அது அவருக்கே நிஜம் போல இருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுவிட்டு, திட்ட ஆரம்பித்தாள். கட்டிங் டேபிளில் பழகின வாய். அனிமேக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்து நிறுத்தி வைத்துத் திட்டினாள். தம்பி கூடவே “ஆமாம்” போட்டார்.

அதோடு போயிருக்கும் என்று நினைத்தார். அக்காவைத் தெரியாதவர் மாதிரி.

மறுநாள் காலை டீ குடித்ததும் கூப்பிட்டாள். “லேப்டாப்பை எடுத்துட்டு வா. அவனுங்களுக்கு ஒரு லெட்டர் எழுதணும்.”

“விடுக்கா. எங்கேயோ இருக்கிறவனுங்க. படிக்கவா போறானுங்க?”

“படிக்கலைன்னா போறானுங்க. எங்க பொண்ணைக் கொன்னதுக்கு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? எழுதுடா.”

அவள் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். ஒழுங்கான கடிதம்தான், அவளுக்கும் பத்திர பாஷை காதில் விழுந்து விழுந்து பழகியிருந்தது. ஐயா, தங்களுடைய இருபத்து இரண்டாவது எபிசோட், மூலப் புத்தகம் பதினொன்றுக்கு முற்றிலும் மாறாக உள்ளது. மூலத்தில் என்ஜின்காரப் பெண் உயிரோடு ஏறி வருகிறாள். பன்னிரண்டாம் புத்தகத்தில் என்ஜினுக்குப் பாட்டுப் பாடுகிறாள். பதினேழாம் புத்தகத்தில் அவளுக்குப் பிறந்தநாள் வருகிறது. தாங்கள் யாரைக் கேட்டு அவளைக் கொன்றீர்கள்? இந்த இடத்தில் அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். அதை அவர் சேர்க்கவில்லை.

“முடிஞ்சுதா? கீழே உன் முத்திரை வாசகத்தைப் போடு.”

“எதை?”

“அதான்டா, அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. வெறுமனே ஒரு பொம்பளை அழறான்னு நெனச்சுடுவானுங்க. வேலையே அதுதான்னு ஒரு ஆள் சொன்னா பயம் இருக்கும். அடிச்சு, உன் பேரு, உத்தியோகம் எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போடு.”

‘அசலுடன்’ என்று அடித்தார். ‘ஒப்பிட்டு’ என்று அடித்தார். அதற்கு மேல் விரல் போகவில்லை. செத்தவளைப் பாட வைத்தவர், அனிமேக்காரன் மேல் பழி போட்டவர், அழுகிற அக்காவுக்கு முன்னால் நின்று ஆமாம் போட்டவர். அதற்கெல்லாம் வராத நடுக்கம் இந்தச் சின்ன வரிக்கு வந்தது. எவ்வளவு அசிங்கம் பாருங்கள். கூடப் பிறந்தவளுக்குச் சொன்ன பொய் உறுத்தவில்லை. முத்திரைக்குச் சொல்லப்போகிற பொய் உறுத்தியது.

“என்னடா, சத்தத்தைக் காணோம்?”

“அக்கா.” விசைகளிலிருந்து கையை எடுத்தார். “புத்தகத்துலயும் அவ ஏறி வரல.”

 அக்கா முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். கண் அவரைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பன்னெண்டுல பாட்டு பாடினாளே?”

“நான்தான்க்கா.”

“பதினஞ்சுல கேப்டனோட வாயாடினாளே, ரெண்டு நாள் சிரிச்சேனே?”

“அது கேப்டன் தனியா நின்னு பேசிக்கிறது. நான்தான் பிரிச்சு அவளுக்குக் குடுத்தேன்.”

“பொறந்த நாளு?”

“நான்.”

“சீ!” என்றாள் அக்கா. நாற்றம் பட்டது போல மூக்கைச் சுளித்தாள். “அதான். பதினொண்ணுக்கு அப்புறம் அவ அவளா இல்ல. எல்லாருக்கும் நல்லவளா ஆயிட்டா. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எழுதறவனுக்குச் சரக்கு தீந்துபோச்சுன்னு நெனச்சேன். நீயா அது? கடற்கரையில பந்து விளையாட்டான்னு ஊரெல்லாம் சிரிச்சியே, பொறந்த நாளும் கேக்கும் வெச்சு எனக்கு எட்டு புத்தகம் காட்டியிருக்கியே, நீ என்ன ஒசத்தி?”

“அன்னிக்கு நீ கட்டோட படுத்திருந்தேக்கா. எனக்கு வாய் வரல.”

“பதினொண்ணை எடு. விட்ட இடத்துலருந்து படி. ஒரு கட்டம் விட்டே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

எடுத்து வந்தார். பக்கத்தைத் திருப்பினார். “மூணு கட்டம். முதல்ல அவ செருப்பைக் கழட்டுறா.” தட்டு. “படகோட ஓரத்தைப் புடிச்சுக்கிட்டுக் கீழ பாக்குறா.” தட்டு. “தண்ணி மேல வட்டம்.” தட்டு. அடுத்த பக்கம். உள்ளே கயிறு. கத்தி. குமிழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. பிறகு வெறும் தண்ணீர். அதற்கும் கட்டத்துக்கு ஒரு தட்டு. எட்டாவது பக்கத்தில் ஒரே கட்டம். “செருப்பு” என்றார். தட்டினார். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டே வந்திருந்தது.

“இருபத்து மூணு கட்டம்” என்றாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். “எவ்வளவு நல்லா செத்திருக்கா. இதையாடா எங்கிட்டருந்து திருடுன?”

அவர் புத்தகத்தை மூடினார். எழுந்திருக்கலாமா என்று பார்த்தார்.

“உக்காரு. அன்னிக்கு நீ ரெண்டு படிச்ச” என்றாள் அக்கா. “புத்தகத்துக்கு முன்னாடி லெட்டர்.”

அவர் புத்தகத்தை மேஜையில் தள்ளி வைத்தார்.

“ஃபைலை எடுத்துட்டு வா.”

அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எடுத்து வந்து மேஜையில் வைத்துப் பிரித்தார். கடிதம் மேலாகவே இருந்தது. எத்தனையோ தடவை பிரித்து மடித்ததில் மடிப்பு நைந்திருந்தது. அக்காவின் பெயரைப் படித்தார். வயதைப் படித்தார். ஆபரேஷன் நடந்த தேதியைப் படித்தார். பிறகு அவர் விரல் முட்டி மேஜையில் ஒரு தட்டுத் தட்டியது.

“தட்டாத” என்றாள் அக்கா. “அங்க எழுத்து இருக்கு. படி.”

படித்தார். “இரண்டு கண்களிலும் விழித்திரை சரிசெய்ய முடியாத அளவுக்குச் சேதமாகிவிட்டது. இனி எந்தச் சிகிச்சையாலும் பார்வை திரும்ப வாய்ப்பில்லை. நோயாளிக்கு இதைத் தெளிவாக எடுத்துச் சொல்லி, கோல் பிடித்து நடக்கும் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும்.”

“உடனேன்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்குக்கா.”

“மேல என்ன தேதி?”

படித்தார். மூன்று வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது. அக்கா கையை நீட்டினாள். அவர் கடிதத்தை அந்தக் கையில் வைக்கப் போனார்.

“இது எனக்கு எதுக்குடா? கதவுக்குப் பின்னால கெடக்குதே, அது.”

எடுத்துக் கொடுத்தார். கவரைப் பிரிக்கக் கூடவே கையைக் கொண்டுபோனார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்து அவளே கிழித்தாள்.